டாரஸ் ஏறாத கரை

ஆறு நாள் எனக்குப் பன்னிரண்டு சக்கரம்.
ஏழாம் நாள் இரண்டு.

சித்திரங்கோட்டில் ஏற்றும் எம்-சாண்ட்
களியக்காவிளை தாண்டும்வரை
யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.
பம்பரைப் பார்த்துச் சபிக்கிறார்கள்.
நியாயம்தான்.
குழித்துறைப் பாலத்தில் ஒரு பைக்காரனை
நான் எவ்வளவு ஒதுக்கினேன் என்று
எனக்கும் அவனுக்கும் மட்டும் தெரியும்.

ஞாயிறு விடிவதற்குள்
மகன் வளர்ந்து கழித்துப்போட்ட
கியர் விழாத சைக்கிளில்
வேர்க்கிளம்பி தாண்டி
சானல்கரையில் ஏறினால்
ஹாரன் எல்லாம் செத்துவிடுகிறது.

ஒரு பக்கம் சானல், கரைதொட்டுத் தண்ணீர்.
மறுபக்கம் மூன்றாள் பள்ளத்தில் ரப்பர் விளை.
நடுவே ஐந்தடித் தார்,
அதிலும் பாதி புல்.
என் வண்டி அகலம் எட்டேகால் அடி.
இந்தக் கணக்கைப் போட்டு
ஒவ்வொரு வாரமும் தனியாகச் சிரிக்கிறேன்.

இறக்கத்தில் இடதுகால்
இன்னும் கிளட்சைத் தேடுகிறது.
ஒரு பச்சைப் பாட்டில் மிதந்து வந்து
என்னை முந்துகிறது.
மதகில் அது சிக்க, நான் முந்துகிறேன்.
குறுக்கே ஒரு கீரி.
குளித்த தலையோடு ஒருத்தி
பக்கெட்டை ஒதுக்கி வழிவிடுகிறாள்,
வழிவிட்டதற்கு என்னைத் திட்டவில்லை.

மழைக்குப் பிளாஸ்டிக் பாவாடை கட்டிய மரங்கள்.
சிரட்டையில் பால் சொட்டுவது
காதில் கேட்கிற ஒன்று என்று
நாற்பத்தேழு வயதில் தெரிந்துகொண்டேன்.
ஷீட் புகையும் வீட்டருகே மூச்சடக்கி மிதித்து
ஏத்தன்வாழைத் தோட்டம் வந்ததும் விடுகிறேன்.

மாத்தூரில் சைக்கிளைச் சாய்த்து
தொட்டிப்பாலத்தை அண்ணாந்து பார்ப்பேன்.
கீழே பறளியாறு, பாறையைச் சுற்றிக்கொண்டு
பள்ளம் இழுக்கிற இடத்துக்குப் போகிறது.
மேலே, தூண்களின் தோளில்,
அதே மலைத்தண்ணீர்
சொன்ன இடத்துக்குப் போகிறது.
ஆறு நாள் நான் மேலே உள்ளது.

அதற்கும் அப்பால்
போன ஐப்பசியில் கரை உடைந்த இடம்.
இரண்டு தென்னந்தடி போட்டிருக்கிறார்கள்.
சைக்கிளைத் தோளில் தூக்கி
அக்கரை போனால் ஆட்டோகூட இல்லை.
இவ்வளவு அமைதி தந்த உடைப்புக்கு
ஒருமுறை வாய்விட்டே நன்றி சொன்னேன்.

இன்றைக்கு அந்தத் தடிக்குப் பக்கம்
ஒரு பிளாஸ்டிக் கசேரி, மேலே ஒரு நோட்டு.
ஓமனா என்று முதல் வரியில் பேர்.
எழுதியவளே நிற்கிறாள்.

“ஒரு ஒப்பு போடுங்க அண்ணா.
வெளியாளுக்க பேரும் கிடக்கட்டு.
எங்க வீட்டாள இந்தக் கசேரில வச்சாக்கும்
நாலுபேரு தூக்குனது.
ஆம்புலன்சு அந்தப் பக்கம்
நின்ன நிலையில கிடந்து கூவுது.”

“இப்ப எப்படி இருக்காரு?”
அவள் பேனாவின் மூடியைக் கழற்றித் தந்தாள்.

பேர் எழுதினேன். ஊர் எழுதினேன்.
தொழில் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.

“டிரைவரா? ஆட்டோவா?”
“இல்ல. பெரிசு.”
என் சைக்கிளை மேலும் கீழும் பார்த்தாள்.
“அப்பம், ரோடு சரியானா
உங்க வண்டியும் இதுவழி வருமா?”

வரும்.
செக்போஸ்ட்டில் ஆள் நிற்கும் ராத்திரி
சந்து தேடுகிறவர்களில் நானும் உண்டு.
இந்தக் கரை ஒரு மழைக்குத் தாங்காது.

“இன்னும் ஒரு வரி சேருங்க” என்றேன்.
“ரோட்டுக்க ரெண்டு தலையிலயும்
கல்லு நடணும். காங்கிரீட்டுல.
ஆம்புலன்ஸ் நுழையணும்.
நான் நுழையக் கூடாது.”

கசேரியை இழுத்து அதில் உட்கார்ந்தாள்.
நோட்டை மடியில் வைத்து,
எழுத்து எழுத்தாய், நாக்கைக் கடித்தபடி
எழுதிக்கொண்டே வந்தவள்
நிமிர்ந்து கேட்டாள்:

“கல்லுக்கும் கல்லுக்கும் எடையில
எத்தன அடி விடணும்?
எட்டா?”

“ஏழு.”